இராவணன் கோட்டையில் தங்கியவர்கள்

ஸ்கூபாவுக்காகத் தீவில போய்த் தங்குறது எண்டதும் எல்லாருக்கும் முதல்ல நினைவு வாறது மாலைதீவுதான். வெள்ளை மணல், தண்ணிக்கு மேல மரவீடு, காலையில் கோப்பி, பிறகு சிலிண்டரை முதுகில கட்டிக்கொண்டு ஒரு பாய்ச்சல். எங்கட நாட்டிலும் இப்படியொரு தங்கலுக்கு வரலாறு இருக்கு. ஆனால் அந்தத் தீவில் மணல் இல்லை, மரம் இல்லை, நடந்துபோக இடமும் இல்லை. தீவு எண்டு சொல்வதே கொஞ்சம் தாராளம். கடல் மட்டத்துக்கு மேல் தலையை மட்டும் காட்டும் ஒரு பாறை, அதன்மேல் ஒரு கருங்கல் வெளிச்சவீடு, அவ்வளவுதான்.

தென்கிழக்குக் கரையில், கிரிந்தையில் இருந்து பார்த்தால் கடலுக்குள் ஏறக்குறைய 13 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது அந்தப் பாறைத்தொடர். கடல் வரைபடங்களில் அதன் பெயர் கிரேட் பாசஸ். பாசஸ் எண்டது போர்த்துக்கேயச் சொல்லில் இருந்து வந்தது, ஆழங்குறைந்த இடம், பார் எண்டு பொருள். சிங்களத்தில் அதற்கு மகா இராவணா கொட்டுவ எண்டு பெயர், இராவணனின் பெரிய கோட்டை. வடகிழக்காக இன்னும் கொஞ்சம் போனால் லிட்டில் பாசஸ் வரும், அது இராவணனின் சின்னக் கோட்டை. திருகோணமலையில் சுவாமி மலையைப் பிளந்த இராவணன் வெட்டைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, அவருக்குத் தெற்கிலும் கடலுக்குள் இரண்டு கோட்டை இருக்குது எண்டது புதினமாகத்தான் இருந்தது. திருமலை இந்தக் கதைக்குள் இன்னொரு வழியாலும் வரும்.

கப்பல் ஓட்டிகளுக்கு இந்தப் பாறை ஏன் எமனாக இருந்தது எண்டு விளங்க, முழுத் தீவின் வரைபடத்தையும் ஒருக்கால் எடுத்துப் பார்க்க வேணும். இந்தியாவின் மேற்குக் கரையில் இருந்து கிழக்குக் கரைக்கு, வங்காளத்துக்கு, இன்னும் கிழக்கே மலாக்காவுக்குப் போகும் பெரிய கப்பல் மன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையால் போக ஏலாது. இராமர் அணை எண்டு நாங்கள் சொல்லும் மணல்திட்டுத் தொடர் அங்கே வழியை மறித்துக் கிடக்கிறது. சின்னத் தோணிகள் பாம்பன் பக்கத்தால் நுழைந்து போயின. பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றித்தான் போக வேண்டும். காலி, மாத்தறை, தெவிநுவர எல்லாம் தாண்டி, இனி வடக்கே திரும்பலாம் எண்டு மூச்சுவிடும் இடத்தில் இந்தப் பாறை இருக்கிறது. வடக்கே இராமர் மறித்தார், தெற்கே இராவணன் மறித்தார் எண்டு சொல்லிச் சிரித்துக்கொண்டோம். மாலுமிகளுக்கு அது பகிடியாக இருந்திருக்காது.

வெளிச்சவீடு கட்டிய கதை தனிக்கதை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1850களில் இரும்பால் ஒரு கோபுரம் கட்டத் திட்டம் போட்டு, பெரிய தொகையைச் செலவழித்து, பிறகு கைவிட்டார்கள். 1870இல் வில்லியம் டக்ளஸ் எண்ட பொறியியலாளர் பொறுப்பில் கருங்கல் கோபுர வேலை தொடங்கியது. கற்களை ஸ்கொட்லாந்தில் வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும்படி செதுக்கி, கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்தார்கள். கடல் அடங்கியிருக்கும் மாதங்களில் மட்டும்தான் பாறையில் ஏறி வேலை செய்யலாம். 1873 மார்ச்சில் விளக்கு எரிந்தது. அதற்கு ஐந்து வருடம் கழித்து, 1878இல், லிட்டில் பாசஸ் விளக்கும் வந்தது. 37 மீற்றர் உயரம், உள்ளுக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக வட்ட அறைகள். அந்த அறைகளில் காவலர்கள் மாதக்கணக்கில் இருந்தார்கள். படகு நேரே வந்து கட்ட முடியாது. கயிற்றில் தொங்கவிட்டு, ஆளையும் அரிசியையும் ஒரே மாதிரித்தான் மேலே இழுத்தார்கள்.

ஸ்கூபாக்காரர்கள் போய்த் தங்கியது இந்தக் கோபுரத்தில்தான்.

ஆர்தர் சி. கிளார்க்கைப் பற்றி எங்கட வயதுக்காரர் கேள்விப்பட்டிருப்பது விஞ்ஞானக் கதை எழுத்தாளர் எண்டுதான். ஆனால் அவரை இலங்கைக்குக் கொண்டுவந்தது விண்வெளி இல்லை, கடல். 1954 டிசம்பரில், அவுஸ்திரேலியாவின் பெரும் முருகைக்கல் தொடரில் சுழியோடப் போகும் வழியில் அவரின் கப்பல் கொழும்பில் அரைநாள் நின்றது. அந்த அரைநாளில் அவர் சந்தித்தவர்களில் ஒருவர் ரொட்னி ஜொங்க்லாஸ். பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்தவர், விலங்கியல் படித்தவர், தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் வேலை செய்தவர், இந்தத் தீவைச் சுற்றியுள்ள கடலடியைத் தன் கைரேகை மாதிரி அறிந்தவர். கிளார்க் இங்கே வந்துதான் இலங்கைக் கடலைக் 'கண்டுபிடித்தார்' எண்டு எழுதுகிறவர்கள் ஜொங்க்லாசை ஒரு அடிக்குறிப்பாக்கிவிடுகிறார்கள். அது எங்களுக்குச் சரியாகப்படவில்லை. 1956இல் கிளார்க் தன் கூட்டாளி மைக் வில்சனுடன் இங்கே வந்து குடியேறினார். வில்சன் ஆங்கிலேயர், இளைஞர், கமெராவோடு கடலுக்குள் இறங்குகிறவர்.

1956 எண்ட ஆண்டை எங்கட ஆக்களுக்கு வேறொரு காரணத்துக்காக நினைவிருக்கும். அந்த ஜூனில்தான் தனிச் சிங்களச் சட்டம். அதே ஆண்டில் இவர்கள் திருகோணமலைக்குப் போய்ச் சுவாமி மலை அடியில் இறங்கினார்கள். 1620களில் போர்த்துக்கேயர் இடித்துக் கடலில் தள்ளிய கோணேசர் கோயிலின் செதுக்கிய தூண்களும் கற்களும் அங்கே கிடப்பதைக் கண்டார்கள். 1957இல் வந்த 'தி ரீஃப்ஸ் ஒஃப் தப்ரபேன்' எண்ட கிளார்க்கின் புத்தகத்தில் இந்தச் சுழியோட்டம் வருகிறது. பின்னாளில் வில்சன் கடலடியில் இருந்து ஒரு இலிங்கத்தை மீட்டுக் கொடுத்தார் எண்டு திருமலையில் சொல்லுவார்கள். ஊரில பெரியாக்களிடம் கேட்டால் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லுவினம். புதிய கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது 1963இல்.

கரையில் ஒரு மொழியை நிலத்தில் இருந்து அகற்றுவது பற்றிச் சட்டம் போட்டுக்கொண்டிருந்த ஆண்டில், தண்ணிக்குக் கீழே முந்நூறு வருடம் கழித்து ஒரு கோயிலின் தூண்கள் வெளிச்சம் கண்டன. இதில் நாங்கள் விதியையோ தெய்வத்தையோ தேடவில்லை. இரண்டும் ஒரே ஆண்டு, அவ்வளவுதான். ஆனால் வரலாறு படிக்கிற எங்களுக்கு எங்கட பாடப்புத்தகத்தில் முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லை.

சரி, பாறைக்கு வருவோம்.

கிரேட் பாசஸ் கடல் வருடத்தில் பெரும்பகுதி யாரையும் கிட்ட விடாது. சோளகம் வீசும்போது தெற்கில் இருந்து அலை வந்து மோதும், வாடை வீசும்போது மற்றப் பக்கத்தால். இரண்டுக்கும் இடையில், ஏறக்குறைய மார்ச்சில் இருந்து ஏப்ரல் நடு வரைக்கும், சில கிழமைகள்தான் கடல் படுத்திருக்கும். அதற்குள்ளும் நீரோட்டம் சும்மா இருக்காது. ஆழம் பெரிசில்லை. ஆனால் பாறையைச் சுற்றி ஓடும் தண்ணி ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். ஒவ்வொரு நாளும் கரையில் இருந்து படகில் வந்து, இறங்கி, திரும்பிப் போவது எண்டால் பாதி நாள் பயணத்திலேயே போகும். அதனால்தான் வெளிச்சவீட்டிலேயே தங்கினார்கள். காவலர்களோடு ஒரே கோபுரத்தில் சாப்பாடு, படுக்கை, காலையில் கடல் எப்படி இருக்குது எண்டு மேலே இருந்து பார்க்கிற வசதி. மேலே இருந்து பார்த்தால் தெளிந்த நாளில் அடியே தெரியும். சொகுசு எண்டு சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு சுழியோடிக்கு வீட்டு வாசற்படியில் இருந்து கடலுக்குள் இறங்குவதை விடப் பெரிய சொகுசு என்ன?

1961 மார்ச்சில் வில்சன் இரண்டு அமெரிக்கப் பொடியன்களோடு அங்கே இருந்தார். இரண்டு பேரும் பதின்ம வயது. கடலடியில் படம் பிடிக்கத்தான் போனது. புதையல் தேடி இல்லை. ஆனால் கண்ணில பட்டது ஒரு பீரங்கி, பிறகு வெள்ளி.

வெள்ளி எண்டால் பளபளவென்று கிடந்திருக்கும் எண்டு நினைக்க வேண்டாம். கடல் வெள்ளியைக் கறுப்பாக்கிவிடும். நாணயங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, முருகைக்கல் மூடி, பாறை மாதிரிக் கட்டியாகக் கிடந்தன. ஒவ்வொரு கட்டியும் ஒரு பையின் வடிவில் இருந்தது. பை உக்கிப்போய், பைக்குள் இருந்தது மட்டும் பையின் உருவத்தோடு மிஞ்சியிருக்கிறது. ஒரு கட்டியில் ஏறக்குறைய 1000 நாணயம். ஒரு முகலாய ரூபாய் பதினொரு கிராமுக்கு மேல் நிறை எண்டால் கணக்குப் பாருங்கோ, ஒரு பையே பதினொரு கிலோவைத் தாண்டும்.

நாணயங்களைப் பிரித்துக் கழுவியபோது பாரசீக எழுத்துத் தெரிந்தது. ஔரங்கசீப்பின் ரூபாய்கள், சூரத் நாணயச்சாலையில் அடித்தவை, ஹிஜ்ரி 1113ஆம் ஆண்டு. எங்கட கணக்கில் 1702ஐ ஒட்டியது. கையில் கிடைத்தவை எல்லாம் ஒரே சாலை, ஒரே ஆண்டு, தேயாத புதுக்காசு. வரலாறு படிக்கிறவர்களுக்கு இந்த இடத்தில் நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கும். சந்தையில் கைமாறிக் கைமாறிச் சேர்ந்த பணம் இப்படி இருக்காது. அதில் நாலு அரசனின் காசும் பத்து ஆண்டின் காசும் கலந்திருக்கும். இது நாணயச்சாலையில் இருந்து நேரே பைக்குள் போய், பையில் இருந்து நேரே கப்பலுக்குள் போன பணம். யாரோ ஒரு பெரிய வியாபாரியோ கம்பனியோ மொத்தமாக வெள்ளி கொடுத்து ரூபாயாக அடித்துக்கொண்டு போயிருக்க வேணும். சூரத் அப்போது முகலாயப் பேரரசின் முதன்மையான துறைமுகம். ஔரங்கசீப் இறக்க இன்னும் ஐந்து வருடம்தான் இருந்தது. அந்தக் கப்பலின் பெயர் இன்றுவரை உறுதிப்படவில்லை. எந்தக் கணக்குப் புத்தகத்திலோ 'வரவில்லை' எண்டு ஒரு வரியில் முடிந்திருக்கக்கூடிய ஒரு கப்பல்.

1963இல் ஒழுங்கான ஒரு பயணம் போனது. இம்முறை வில்சனோடும் ஜொங்க்லாசோடும் பீற்றர் த்ரொக்மோர்ட்டனும் சேர்ந்தார். துருக்கிக் கரையில் வெண்கலக் காலக் கப்பல் ஒன்றை 1960இல் அகழ்ந்த வேலையில் முன்னுக்கு நின்றவர் அவர். கடலடித் தொல்லியல் எண்ட துறை அப்போதுதான் கண் திறக்கிற நேரம். அதுவரைக்கும் கடலடி எண்டால் எடுக்கிறவன் எடுத்துக்கொண்டு போகிற இடம். எது எங்கே கிடந்தது எண்டு அளந்து, வரைந்து, பிறகு எடு எண்டு சொன்ன முதல் தலைமுறையைச் சேர்ந்தவர் த்ரொக்மோர்ட்டன்.

கிளார்க்கும் பாறைக்குப் போனார். இது சின்ன விசயமில்லை. 1962இல் அவருக்கு உடல் முடங்கிப்போயிற்று. நடப்பதே கஷ்டம், ஒரு காலத்துக்கு மூச்சே கஷ்டம். அப்படியான மனுசன் அடுத்த வருடம் இந்தக் கடலுக்கு வந்தார். விண்வெளியில் போகாமலேயே எடையற்ற நிலையை அறிய ஒரே வழி கடலுக்குள் இறங்குவதுதான் எண்டு அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். கரையில் கால் தாங்காத ஒருவருக்கு அது வெறும் உவமையாக இருந்திருக்காது. இந்த முழுக் கதையையும் அவரும் வில்சனும் 1964இல் 'தி ட்ரெஷர் ஒஃப் த கிரேட் ரீஃப்' எண்டு புத்தகமாக்கினார்கள். நூலகத்தில் அகப்பட்டால் வாசியுங்கோ. இரண்டு பின்னேரத்தில் முடிக்கலாம்.

நடுவில் இன்னொன்றும் நடந்தது. 1962இல் வில்சன் 'ரன் முத்து தூவ' எண்ட சிங்களப் படத்தை இயக்கினார். தங்கம், முத்து, தீவு எண்டு பெயரிலேயே கதை இருக்கிறது. காமினி பொன்சேகா நடித்த படம், முதலாவது முழுநீள வண்ணச் சிங்களப் படம், கடலடிக் காட்சிகள் உள்ள படம். காசு போட்டவர்களில் கிளார்க்கும் ஒருவர். பிறகு அதே வில்சன் எல்லாவற்றையும் விட்டுத் துறவியானார். சுவாமி சிவ கல்கி எண்ட பெயரோடு கதிர்காம முருகனின் அடியாராக வாழ்ந்தார். கிரிந்தையில் இருந்து கதிர்காமம் எவ்வளவு தூரம் எண்டு தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு கோடு தெரியும். நாங்கள் அதைப் பெரிதாக்கப்போவதில்லை. ஆனால் வடக்கில் இருந்து கரையோரமாக நடந்து, குமண, யால காடுகளைத் தாண்டிக் கதிர்காமம் போகும் பாதயாத்திரைக்காரரின் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு, இந்த மூலை அந்நியக் கடற்கரை இல்லை.

இனி எங்களுக்குள் நீண்ட வாக்குவாதமான பகுதி.

இலங்கையில் சுழியோட்டத்தின் வரலாறு எண்டு தேடினால் கதை 1950களில், ரப்பர் முகமூடியோடும் சிலிண்டரோடும்தான் தொடங்கும். குஸ்தோவும் கஞ்ஞானும் 1943இல் பிரான்சில் அந்தக் கருவியைச் செய்தார்கள், பிறகு இங்கே வெள்ளைக்காரர் வந்து இறங்கினார்கள் எண்டு. கருவியின் வரலாறு எண்டால் அது சரி. சுழியோட்டத்தின் வரலாறு எண்டால் அது கால்வாசியும் இல்லை. சுழியோடி எண்டு எங்கட தமிழில் ஒரு சொல் இருக்கிறது. குளித்தல் எண்ட சொல்லையே பாருங்கோ. முத்துக்குளித்தல், சங்கு குளித்தல். உடம்பு கழுவுறதுக்கு எங்கட பக்கம் முழுகுறது எண்டும் சொல்லுவம், அதுவும் அடியில் போறதுதான். கடலடிக்குப் போகிறதை இத்தனை சாதாரணமாகச் சொல்லுகிற மொழிக்காரரின் வரலாறு 1956இல் தொடங்கியிருக்க ஏலாது.

மன்னார்க் கடலில் சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிப் பக்கம் முத்துக்குளிப்பு நடக்கும்போது வெறுங்கரையில் ஒரு தற்காலிக நகரம் எழும்பும். கீழக்கரை, காயல்பட்டினம், தூத்துக்குடியில் இருந்து வந்தவர்கள், எங்கட கரையார், அரபு நாட்டுச் சுழியோடிகள், வட்டிக்காரர், வியாபாரிகள். கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து இறங்குவார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு, இடுப்பில் ஒரு வலைக்கூடையோடு. ஒரு நிமிசம், அதற்குக் கொஞ்சம் கூட. மேலே தோணியில் கயிறு பிடிப்பவனின் கையில்தான் உயிர். சுறாவைக் கட்டிப்போட மந்திரம் சொல்ல 'கடல் கட்டி' எண்டு ஒரு ஆள் இருப்பார், அவருக்கும் பங்கு உண்டு. 1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்பில் எட்டுக் கோடிக்கும் மேலான சிப்பி எடுத்தார்கள். அதில் சுழியோடிகளுக்கு மூன்றில் ஒன்று. மூன்றில் இரண்டு அரசாங்கத்துக்கு. அடுத்த வருடம் மரிச்சுக்கட்டியில் மேற்பார்வைக்கு வந்த இளம் அதிகாரிகளில் ஒருவர் லெனாட் வூல்ஃப். அவர்தான் 1908இல் இருந்து 1911 வரைக்கும் அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபர். கிரிந்தையும் யாலவும் அவரின் ஆட்சிக்குள். இந்தத் தீவில் கடல் பற்றி எந்த நூலைப் பிடித்து இழுத்தாலும் மன்னாரும் கிரிந்தையும் ஒன்றாக வந்து விழுகின்றன.

எண்பது மில்லியன் சிப்பியை வெறும் மூச்சில் எடுத்தவர்களில் ஒருவரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. பாறையில் தங்கியவர்களின் பெயர் மட்டுமில்லை, என்ன சாப்பிட்டார்கள் எண்டதும் தெரியும். புத்தகம் எழுதத் தெரிந்தவனுக்குக் கடலும் சொந்தமாகிவிடும் எண்டு எங்களில் ஒருத்தி சொன்னாள். அவளின் அப்பப்பா சங்கு குளித்தவர். இன்னொருவன் ஒத்துக்கொள்ளவில்லை. எழுதினபடியால்தான் பையின் வடிவமும் நாணயத்தின் ஆண்டும் எங்களுக்குக் கிடைத்தது, எழுதாமல் எடுத்துக்கொண்டு போயிருந்தால் வெள்ளியை உருக்கி வளையல் செய்திருப்பார்கள், அப்போது யாருக்கு என்ன லாபம் எண்டு கேட்டான். இரண்டு பேருக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் எங்கட பார்வை முதலாவது பக்கம் கொஞ்சம் சாயும். ஏனெண்டால் நாணயக் கட்டிகளில் ஒன்று இப்போது இருப்பது வாஷிங்டனில், ஸ்மித்சோனியனில். மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு எண்டு சிப்பியை எண்ணிப் பிரித்த கரை இது. 1940ஆம் ஆண்டிலேயே தொல்பொருள் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. அப்படியிருக்க, கடலடியில் கிடப்பது கண்டவனுக்கா, கப்பல் அனுப்பியவனுக்கா, அந்தக் கரையில் இருக்கிறவனுக்கா எண்ட கேள்வி அந்தக் காலத்தில் பெரிதாக எழவில்லை.

பிறகு எழுந்தது. 1992இல் காலித் துறைமுகத்தில் அவுஸ்திரேலியர்களோடு சேர்ந்து கடலடித் தொல்லியல் வேலை தொடங்கியது. இலங்கைப் பொடியன்களும் பெட்டைகளும் சுழியோடப் பழகி, தொல்லியலும் பழகினார்கள். 1659இல் காலியில் மூழ்கிய டச்சுக் கப்பலான அவொன்ட்ஸ்டரை அகழ்ந்தவர்கள் அவர்கள்தான். 2004 சுனாமி அவர்களின் ஆய்வுகூடத்தை அடித்துக்கொண்டு போனது. அதே அலையில் இக்கடுவையில் கிளார்க் வைத்திருந்த சுழியோட்டப் பள்ளியும் போனது. தெற்குக் கரையில், அம்பாந்தோட்டைக்கு இந்தப் பக்கம் கொடவாயவில், 2003இல் இன்னொரு கப்பல் வெளிப்பட்டது. இரண்டாயிரம் வருடப் பழசு, இந்து சமுத்திரத்தில் இதுவரை கண்டதில் மிகப் பழையது. அதைக் கண்டது பேராசிரியரோ வெளிநாட்டுக் குழுவோ இல்லை. சங்கு குளிக்கப் போன உள்ளூர்ச் சுழியோடிகள். முப்பது மீற்றருக்கும் கீழே, ஒரு விநோதமான கல்லை எடுத்துக்கொண்டு மேலே வந்தார்கள்.

தெற்கில் இப்படி ஒரு தலைமுறை கடலுக்குள் இறங்கிப் படித்த காலத்தில் வடக்குக் கிழக்கில் கடல் பூட்டியிருந்தது. எத்தனை மணிக்கு இறங்கலாம், எவ்வளவு தூரம் போகலாம், எத்தனை குதிரைவலு எஞ்சின் வைத்திருக்கலாம் எண்டதெல்லாம் இன்னொருவர் சொல்லத்தான். எங்கட அம்மா அப்பாமார் கடலைப் பார்த்தது பயத்தோடு. நாங்கள் 2000க்குப் பிறகு பிறந்த ஆக்கள், எங்களில் அரைவாசிப் பேருக்கு நீந்தத் தெரியாது, கடற்கரை ஊரில் பிறந்தும். கலைப்பீடத்தில் தொல்லியல் படிக்கிற தமிழ்ப் பிள்ளை சுழியோடப் பழக வேணுமெண்டால் அதற்குக் கட்டுகிற காசு ஒரு தவணை விடுதிச் செலவை விடக் கூட. கடலடித் தொல்லியல் எங்கட கரையில் யார் செய்யப்போகினம்?

ஆனால் சிலிண்டர் எங்கட கரைக்கு வந்துதான் இருக்கிறது, வேறு வழியால். மன்னாரிலும் யாழ்ப்பாணத் தீவுகளிலும் கடலட்டை பிடிக்கிறவர்கள் ஸ்கூபா சிலிண்டரோடுதான் இறங்குகிறார்கள். பருவத்தில் வாடி போட்டுக் கரையில் தங்கி, ஒரு நாளில் பலதரம் இறங்குவார்கள். பாறையில் தங்கிய வில்சன் குழு செய்த அதே வேலைமுறைதான். வாடி, படகு, கொம்பிறசர், சிலிண்டர், அடுத்த இறக்கம். வித்தியாசம் எங்கே எண்டால், இவர்கள் பலருக்கு எவ்வளவு நேரம் எந்த ஆழத்தில் நிக்கலாம், எவ்வளவு மெதுவாக மேலே வர வேணும் எண்ட அட்டவணையை ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆழத்தில் நிற்கும்போது காற்றில் இருக்கிற நைதரசன் இரத்தத்துக்குள் கரையும். ஒரேயடியாக மேலே வந்தால், சோடாப் போத்தலைத் திறந்த மாதிரி, அது உடம்புக்குள்ளேயே குமிழியாகும். மூட்டுவலியில் தொடங்கும், சில பேருக்கு இடுப்புக்குக் கீழே விறைத்துப்போகும். ஊரில அதைக் காத்துப் பிடிச்சது எண்டு சொல்லிவிட்டுப் போவினம். அட்டை ஏற்றுமதியாகி வெளிநாட்டு மேசைக்குப் போகிறது.

புறாத்தீவுக்கு நாங்கள் போன வருடம் ஒரு விடுமுறையில் போனோம். நிலாவெளியில் இருந்து படகில் பத்துப் பதினைந்து நிமிசம். இப்போது அது தேசியப் பூங்கா, இரவில் தங்க விடமாட்டார்கள், அது நல்லதுதான். முகமூடியை வாடகைக்கு எடுத்து முகத்தைத் தண்ணிக்குள் வைத்தால் கிளிமீனும் குட்டிச் சுறாவும் காலடியில் போகும். எங்களைக் கூட்டிக்கொண்டு போன படகுக்கார அண்ணை சொன்னார், தான் சின்ன வயசில முகமூடி இல்லாமலே இதைவிட ஆழம் போனவராம். எவ்வளவு ஆழம் எண்டு கேட்டோம். பாகம் கணக்கில் சொன்னார், மீற்றர் தெரியாது எண்டார். ஒரு பாகம் எண்டது இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம். ஏழு பாகம் எண்டார். அவரைக் கரையில் நிக்கவைத்து, கையை விரிக்கச் சொல்லி, ஒருத்தியின் துப்பட்டாவால் அளந்து கணக்குப் பார்த்தோம். பன்னிரண்டு மீற்றர் வந்தது.

கிரிந்தைக்கு இன்னும் போகவில்லை. மார்ச்சுக்கும் ஏப்ரலுக்கும் இடையில், கடல் படுத்திருக்கும் அந்தச் சில கிழமையில் எங்களுக்குப் பரீட்சை வந்துவிடுகிறது. கரையில் இருந்து பார்த்தால் இரவில் வெளிச்சம் மட்டும் தெரியுமாம்.